மறு: என்டேங்கிள்மென்ட் – சிக்கலா, பிணைப்பா, பின்னலா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

இரண்டு மூன்று துகள்கள் எவ்வளவு தூரம் பிரிந்தாலும் ஒரே கூட்டு நிலையில் இருப்பதும், அவற்றின் அளவீடுகள் ஒத்துப்போவதும்தான் இயற்பியலில் என்டேங்கிள்மென்ட். அதற்குத் தமிழில் 'குவாண்டம் சிக்கல்' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நேற்றைய மடலில் நண்பர் எழுதியிருந்தார். பாலக்கோடு பக்கம் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவன் நான். அதைக் கரும்பலகையில் எழுதினால் "குவாண்டத்துல என்ன சார் பிரச்சினை?" என்றுதான் பிள்ளைகள் கேட்பார்கள். நூலில் சிக்கல் தவறி விழுவது. இதையோ ஆய்வகத்தில் பாடுபட்டு உண்டாக்குகிறார்கள்.

1935-இல் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் இதற்கு ஜெர்மனில் வைத்த பெயர் ஃபெர்ஷ்ரேங்குங். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்வதற்கும் அதே வினைதான். ஆங்கிலத்துக்கு என்டேங்கிள்மென்ட் என்ற வேறு சொல்லைத் தேர்ந்தவரும் அவரே. நாம் அந்த இரண்டாவது சொல்லைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நிற்கிறோம்.

அடுத்து 'பிணைப்பு'. உண்மையில் முதலில் நானும் இந்தக் கட்சிதான். சின்ன வயதில் ராகிக் களத்தில் மாடுகளைப் பிணை கட்டி ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று திரும்பினால் மற்றதும் திரும்பும். பொருத்தமாகத்தான் பட்டது. ஆனால் வேதிப்பிணைப்பு, பிணைப்பாற்றல் என்று பாடநூல் அந்தச் சொல்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. அங்கே விசை உண்டு, பிரிக்க ஆற்றல் வேண்டும். இங்கே இரண்டும் தேவையில்லை.

அதைவிடப் பெரிய தொல்லை கயிறு. பிணை என்றாலே நடுவில் ஒரு கயிறு கண்ணுக்குத் தெரிகிறது. ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரும் 1935-இல் வாதிட்டது கிட்டத்தட்ட இதைத்தான்: குவாண்டம் கோட்பாட்டுக்குத் தெரியாத ஏதோ ஒன்று துகள்களிடம் முன்கூட்டியே இருக்கிறது. 1964-இல் இயற்பியலாளர் ஜான் பெல் அதைக் கணக்காக்கினார். விடைகளைத் துகள்கள் முன்பே சுமந்து வருகின்றன, ஓரிடத்து அளவீடு ஒளியை முந்திக்கொண்டு இன்னோரிடத்தைத் தொடாது என்று கொண்டால், அளவீடுகளின் ஒத்துப்போதலுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 1982-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஆஸ்பேயின் சோதனையும், 2015-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் 1.3 கி.மீ. இடைவெளியில் நடந்த சோதனையும் அந்த வரம்பு மீறப்படுவதைக் காட்டின. ஒளிவேகத்துக்கு அடங்கிய எந்தக் கயிறாலும் இதை விளக்க முடியாது. அதே சமயம் இதை வைத்துச் செய்தி அனுப்பவும் முடியாது; சார்பியலுக்குச் சேதமில்லை. இவ்வளவையும் நடத்திவிட்டு, பெயரில் கயிற்றை விட்டுவைப்பானேன்?

அதனால் என் வாக்கு பின்னலுக்கு. சடை பின்னும்போது கூந்தலை மூன்று பிரியாகப் பிரிக்கிறோம். பின்னல் எந்தப் பிரியில் இருக்கிறது? ஒன்றிலும் இல்லை, மூன்றும் சேர்ந்த நிலையில்தான் இருக்கிறது. ஷ்ரோடிங்கர் சொன்னதும் இதுவே: முழுமையைப் பற்றி அறியக்கூடியதெல்லாம் அறிந்திருந்தாலும், பகுதிகளைப் பற்றி அப்படி அறிய முடியாமல் போகலாம்.

இன்னொரு பொருத்தம் எனக்கே தற்செயலாகக் கிடைத்தது. அந்தச் சடையில் ஏதாவது ஒரு பிரியை உருவிவிட்டால் மற்ற இரண்டும் பின்னாமல் தனித்தனியே தொங்கும். கிரீன்பெர்கர், ஹார்ன், சைலிங்கர் என்ற இயற்பியலாளர்கள் 1989-இல் முன்வைத்த கூட்டு நிலையில் மூன்று துகள்களில் ஒன்றை இழந்தாலும் அப்படித்தான்: மிஞ்சிய இரண்டுக்கும் இடையே பின்னல் இருக்காது. ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளுக்கும் ஜடை என்றால் விளங்கிவிடும்.

குறை இல்லாமல் இல்லை. சடையில் பிரிகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன. 2017-இல் சீனச் செயற்கைக்கோள் வழியாகப் பிரித்தனுப்பிய ஒளித்துகள்கள் இறங்கிய நிலையங்களுக்கு இடையே 1,200 கி.மீ., தருமபுரியிலிருந்து சென்னைக்கு இரண்டு முறை போய்வருகிற தூரம். சொல் அதைச் சொல்லவில்லை. கயிறு சொல்லும் பொய்யைவிட இந்த மௌனம் பரவாயில்லை என்பேன்.

பின்னிய துகள்கள், பின்னுதல், பின்னல் அவிழ்தல் என்று வினையும் சுலபமாக வருகிறது. "பின்னிட்டாங்க சார்" என்று வகுப்பு சிரிக்கும், சிரிக்கட்டும்.

அப்புறம் ஒரு கேள்வி. பின்னாத நிலைக்குப் 'பிரிநிலை' என்று போடலாமா? இலக்கணத்தில் பிரிநிலை ஏகாரம் இருக்கிறதே, குழப்பம் வருமா? தமிழாசிரியர்கள் யாராவது சொல்லுங்கள்.