மட்லெட்டில் லூப் காத்திருக்காது

அக்கேயா என்ற, எழுத்திலேயே நடக்கும் இணைய விளையாட்டை (மட்) விளையாடும் நண்பர் ஒருவர், அதை ஆட உதவும் மட்லெட் செயலிக்கு எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்றை அனுப்பிப் புலம்பினார். "ஒரு அடி, மூன்று விநாடி இடைவெளி, அடுத்த அடி. இப்படிப் பத்து அடி கேட்டேன். மூன்று விநாடி சும்மா இருந்துவிட்டுப் பத்தையும் ஒரே மூச்சில் அனுப்புகிறது!"

திறந்து பார்த்தேன். ஒரே வேலையைப் பத்துமுறை செய்யும் ஒரு ஃபார் லூப், அதற்குள் மட்லெட்டின் நேரக் கட்டளையான டெம்ப்டைமர். மட்லெட்டுக்குப் புதிதாக வருகிற பாதிப் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். டெம்ப்டைமர் யாரையும் நிறுத்தி வைக்காது. 'மூன்று விநாடி கழித்து இதைச் செய்' என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடும். லூப் கண் இமைப்பதற்குள் பத்துச் சீட்டையும் எழுதி முடிக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே நேரம்தான் இருக்கிறது. விநாடியை லூப் எண்ணால் பெருக்கினால் 3, 6, 9 என்று விலகிப் போகும்.

இதற்கு முன்னால் அவர் மூன்று விநாடி ஆகும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு வொய்ல் லூப்பைச் சுற்றவிட்டும் பார்த்தாராம். மொத்த ஜன்னலும் உறைந்துபோனது. லுவா மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட் முடியும்வரை மட்லெட் திரையைக்கூடப் புதுப்பிக்காது. சர்வருக்கு அதெல்லாம் தெரியுமா? எதிரி பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. திரை திரும்பியபோது ஆள் காலி.

சரி, பெருக்கினால் வேலை முடிந்ததா என்றால், அதுவும் அரைகுறைதான். அக்கேயாவில் ஒரு அடி அடித்தால் பேலன்ஸ் போய்விடும், அது திரும்பி வந்தால்தான் அடுத்த அடி. திரும்பும் நேரம் எப்போதும் ஒன்றாக இருக்காது. ஆயுதத்தைப் பொறுத்து மாறும், நெட் தாமதமும் சேரும். அதனால் லூப்பையே தூக்கிவிடச் சொன்னேன். ஒரு ஃபங்ஷன்: எண்ணிக்கையில் ஒன்று குறை, ஒரு அடி அனுப்பு, அவ்வளவுதான். பேலன்ஸ் வந்துவிட்டது என்று சர்வர் சொல்லும் வரிக்கு ஒரு ட்ரிக்கர் (அந்த வரி வந்ததும் தானாக ஓடும் கட்டளை) வைத்து, அது அந்த ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும். எண்ணிக்கை பூஜ்யமானால் ஒன்றும் செய்யாதே. சுற்றுவது அதே சுற்றுதான், ஆனால் ஒவ்வொரு சுற்றையும் சர்வர் தள்ளிவிடுகிறது.

அப்புறம் ஆசை கூடியது. 'உயிர் பாதிக்குக் கீழே போனால் மருந்து குடி' என்று ஒரு நிபந்தனை சேர்த்தார். உடனே சிவப்பில் பிழை: எண்ணையும் ஸ்டிரிங்கையும் (எழுத்துத் தொடரையும்) ஒப்பிட முடியாது. அக்கேயா ஜிஎம்சிபி (திரையில் காட்டாமல் செயலிக்குத் தகவல் தரும் தனி வழி) வழியாக அனுப்பும் உயிர் அளவு பார்க்க எண் மாதிரி இருந்தாலும் ஸ்டிரிங்காகத்தான் வருகிறது. லுவா கூட்டல் கழித்தலில் அதைக் கண்டும் காணாமல் எண்ணாக மாற்றிக்கொள்ளும், ஒப்பிடும்போது மட்டும் முறைக்கும். எண்ணாக மாற்றும் டூநம்பரில் போட்டு எடுத்ததும் சரியானது.

எண்ணிக்கையே இல்லாமல் முடிவில்லாமல் ஓடவிடலாமே என்று கேட்டார். வேண்டாம் என்றேன். விசைப்பலகை முன்னால் ஆள் இல்லாமல் ஸ்கிரிப்ட் விளையாடுவது அங்கே விதிமீறல். பத்து என்று வரம்பு இருக்கட்டும், நடுவில் நிறுத்த ஒரு ஏலியாஸும் (நாமே தட்டும் சுருக்கக் கட்டளை) இருக்கட்டும்.

டின்டின் என்ற இன்னொரு மட் செயலியிலும் லூப்புக்குள் டிலே (தாமதக் கட்டளை) வைத்தால் இதே கூத்துதான். அங்கே நீங்கள் எண்ணிக்கையை வேரியபிளில் வைத்து ஆக்‌ஷனால் (அங்கே ட்ரிக்கருக்குப் பெயர்) குறைக்கிறீர்களா, இல்லை குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓடும் டிக்கரிலேயே ஓட்டுகிறீர்களா?