போடிக்கு ரயில் வந்தாச்சு, சரக்கு ஏன் இன்னும் லாரியில்?

கேள்வி: ஏலக்காய் வியாபாரத்துக்குப் பேர்போன தேனி மாவட்டத்துப் போடிக்கு 1928-ல் வந்த மதுரை–போடி ரயில் பாதை 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக மூடப்பட்டு, 2023 ஜூனில்தான் போடி வரை மறுபடி ரயில் வந்தது. ஏலக்காய் மூட்டை மட்டும் ஏன் இன்னும் லாரியிலேயே போகிறது?

பதில் 1: பன்னிரண்டு வருஷம் மூடிக் கிடந்தால் எந்த வியாபாரி காத்திருப்பார்? ஆனால் அடி அதற்கு முன்பே விழுந்துவிட்டது. முன்பெல்லாம் ஒரு வேகன் (சரக்குப் பெட்டி) மட்டும் பதிவு செய்யலாம், அப்புறம் ரயில்வே முழு ரேக்குக்கு, அதாவது ஒரு சரக்கு ரயிலின் எல்லா வேகனையும் சேர்த்தே பதிவு செய்யும் முறைக்கு மாறியது. மூடிய வேகன் ரேக் என்றால் நாற்பதுக்கு மேல் வேகன், சுமார் 2,500 டன்னோ அதற்கு மேலோ ஏறும். அவ்வளவு ஏலக்காயை ஒரே நாளில் யார் சேர்ப்பது?

பதில் 2: ஏற்றுக்கூலி, இறக்குக்கூலியையும் சேருங்கள் அண்ணா. லாரி குடோன் வாசலில் ஏற்றி, வாங்குபவர் வாசலில் இறக்குகிறது. ரயில் என்றால் மூட்டை நாலு கை மாறும், நடுவில் காய் உடைந்தால் விலை போச்சு.

பதில் 3: அதற்காக விட்டுவிட முடியாது. 1951 வாக்கில் நாட்டின் சரக்கில் 80 சதவீதத்துக்கு மேல் ரயிலில் போனது, இப்போது 30 சதவீதம்கூட இல்லை. டன் கணக்கில் பார்த்தால் ரயிலுக்கு எரிபொருள் செலவு எவ்வளவோ குறைவு. ரேக் வேண்டாம், போடியிலிருந்து சென்னைக்கு ஓடும் எக்ஸ்பிரஸில் ஒரு பார்சல் பெட்டியைக் கூடுதலாகக் கோர்க்கச் சொல்லி வியாபாரிகள் சேர்ந்து ரயில்வேயின் மதுரைக் கோட்டத்தில் மனு கொடுக்க வேண்டும்.