ஜி.ஐ. (துத்தநாக முலாம் பூசிய இரும்பு) தகடு, குழாய், துரு: உங்களுக்கு நேர்ந்ததைப் பகிருங்கள்

மண்டிக்காரர், பேரணாம்பட்டு

என் தோல் மண்டிக்கு ஜி.ஐ. தகட்டுக் கூரை போட்டு நான்கு ஆண்டுதான் ஆகிறது. மேலே ஏறிப் பார்த்தால் தகடு இன்றும் வெயிலில் கண்ணைக் கூசுகிறது. போன மாதம் உப்புத் தோல் அடுக்கிய இடத்தில் நின்று தற்செயலாக அண்ணாந்து பார்த்தேன். கூரை முழுக்க ஊசிக்கண் ஊசிக்கண்ணாக வெளிச்சம், பட்டப்பகலில் நட்சத்திரம் முளைத்தது போல. ஒரு மூங்கில் கழியை எடுத்து ஓரிடத்தில் தொட்டேன். குத்தக்கூட இல்லை. கழி அப்படியே மறுபக்கம் போய்விட்டது. துருத்தூள் கண்ணிலும் வாயிலும் கொட்டியது.

தோல் மண்டியில் உப்பு எப்படி இருக்கும் என்று இங்கே உள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தரை எப்போதும் நசநசவென்றிருக்கும். தகடு வாங்கும்போது கடைக்காரர், "எத்தனை கிராம் முலாம் வேண்டும்?" என்று கேட்டார். விலையை ஏற்றப் பார்க்கிறார் என்று நினைத்து, "அரை மில்லி கனம் இருந்தால் போதும்" என்று சொல்லிவிட்டேன். அப்பாவோ, "உப்பு இருக்கிற இடத்தில் தகடு நிற்காதப்பா, பழைய ஓட்டுக் கூரையைப் பிரிக்காதே" என்று மூன்று முறை சொன்னார். நான்தான் பிரித்தேன். இப்போது அப்பா இல்லை.

மேலே பளபளப்பு, கீழே மட்டும் புழு அரித்தது போல. இது ஏன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்தக் கழி உள்ளே போனது கைக்குள் இன்னும் அப்படியே இருக்கிறது.

வெல்டிங் பட்டறை, குடியாத்தம்

அண்ணா, உங்களுக்குக் காரணம் சொல்லும் படிப்பு எனக்கில்லை. ஆனால் ஜி.ஐ. என்றாலே எனக்கு ஓர் இரவு நினைவுக்கு வரும்.

மாட்டுக் கொட்டகைக்குக் குழாய்ச் சட்டம் கட்டினோம். மழை பெய்ததால் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே வைத்து வெல்டிங் செய்தோம். வெள்ளைப் புகை கிளம்பியது. சற்று நேரத்தில் அது பஞ்சுத் துணுக்கு போல மிதந்து இறங்கியது. என்னோடு வேலை கற்றுக்கொண்டிருந்த தம்பியின் கைமுடியில், புருவத்தில் எல்லாம் வெள்ளையாக ஒட்டியிருந்தது. "அண்ணா, வாய் இனிக்கிறது" என்றான். எனக்கும் இனித்தது. அந்த இனிப்பு என்ன என்று எனக்குத் தெரியும், என் மேஸ்திரி சொல்லிக்கொடுத்திருந்தார். ஆனாலும் இன்னும் நான்கு இணைப்புதான் என்று முடித்துவிட்டே எழுந்தேன்.

இரவு பத்து மணிக்கு எனக்குக் குளிர் நடுக்கம். பல் கிட்டியது. இரண்டு போர்வை போர்த்தியும் நிற்கவில்லை. காலையில் ஒன்றுமே நடக்காதது போல எழுந்தேன். அவனும் அதே மாதிரி கிடந்திருக்கிறான். வீட்டில் மலேரியா என்று பயந்து நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். என்ன வேலை செய்தான் என்று டாக்டரிடம் சொல்ல வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. நான் முன்பே சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துவிடும். இரும்பு உருகவே 1500 டிகிரிக்கு மேல் வேண்டும். இரும்பு இளகும் முன்பே முலாம் புகையாகிவிடுகிறது. அந்தப் புகைக்காய்ச்சல்தான் எங்களுக்கு வந்தது. பால் குடித்தால் சரியாகிவிடும் என்பதை நம்பாதீர்கள், புகையை மூச்சில் இழுக்காமல் இருப்பதுதான் மருந்து. இணைக்கும் இடத்தில் முலாமைத் தேய்த்து எடுத்துவிட்டு, திறந்த வெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று செய்யுங்கள்.

ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர், சத்துவாச்சாரி

பேரணாம்பட்டுத் தம்பிக்கு. முலாம் குறைவான தகட்டை வாங்கியதால்தான் போயிற்று என்று மனத்தை அரித்துக்கொள்ள வேண்டாம். உதாரணமாக, 120 கிராம் தகடு என்றால் ஒரு சதுர மீட்டருக்கு இரு பக்கமும் சேர்த்து அவ்வளவு துத்தநாகம். பக்கத்துக்கு 60 கிராம், அதாவது எட்டு மைக்ரான் சொச்சம் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நீங்கள் 275 கிராம் வாங்கியிருந்தால் இன்னும் சில ஆண்டு தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான். அந்த இடத்துக்கு வெற்று ஜி.ஐ. தகடே பொருந்தாது. உங்கள் தகப்பனார் சொன்னது சரி.

மேற்பக்கம் இன்னும் அரிக்காமல் இருக்கக் காரணம் மழை. துத்தநாகம் காற்றோடும் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து, சாம்பல் நிறத்தில் மெல்லிய கார்பனேட் படலம் ஒன்றைத் தன்மேல் போர்த்திக்கொள்ளும். அது கட்டிக்கொள்ள, தகடு நனைவதும் காய்வதுமாக இருக்க வேண்டும். நம் வேலூர் வெயிலில் அது நன்றாகவே நடக்கும். உப்போ புகையோ இல்லாத வறண்ட ஊரில் ஆண்டுக்கு ஒரு மைக்ரான்கூடக் கரையாது. கீழ்ப்பக்கத்தின் கதை வேறு. இரவில் தகடு குளிர்ந்து வியர்க்கிறது, உப்புத்தூள் வந்து ஒட்டுகிறது, மழை வந்து கழுவுவதில்லை. உப்பு அந்தப் படலத்தை நிலைக்க விடாது. துத்தநாகம் தீரும்வரை இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்துகொண்டிருக்கும். தீர்ந்த மறுநாளிலிருந்து இரும்பின் முறை.

வெல்டர் தம்பி சொன்னதில் ஒரு திருத்தம். முலாம் போட்ட குழாயை வெல்டிங் செய்வதே தவறான வரிசை. முதலில் முலாம் போடாத கருப்பு இரும்பில் முழுதாகச் செய்து முடித்து, பிறகு முலாம் போடும் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். அமிலத்தில் கழுவி, துத்தநாகம் ஒட்டுவதற்கான வேறு வகை உப்புக் கரைசலில் நனைத்து, 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் முக்கினால் இரும்பும் துத்தநாகமும் ஒன்றோடொன்று கலந்து அடுக்கடுக்காகப் பிடித்துக்கொள்ளும். ஐந்து மில்லிக்குக் குறையாத கனமுள்ள இரும்புக்குச் சதுர மீட்டருக்கு 610 கிராம், அதாவது 85 மைக்ரான் என்பது நம் நாட்டுத் தர அளவு.

அந்தத் தொட்டியருகே எனக்கும் ஒன்று நடந்தது. இரு முனையும் அடைத்த குழாய்ச் சட்டம் ஒன்றை இறக்கினார்கள். காற்றும் ஈரமும் வெளியேற அதில் துளை இல்லை. முக்கியதும் வெடித்தது. உருகிய துத்தநாகம் வெள்ளி மழை போல மேலே எழும்பி, தரையில் விழுந்த இடத்திலேயே நாணயம் நாணயமாக உறைந்தது. எப்போதும் அங்கே நிற்கும் தொழிலாளி அந்த நிமிடம் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். துளை காட்டாத அந்த வரைபடத்தில் இருந்த கையெழுத்து என்னுடையது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சில வார்த்தைகள். ஜி.ஐ. குழாயில் பித்தளை வால்வை நேரடியாக மாட்டாதீர்கள், இடையில் பிளாஸ்டிக் இணைப்பு ஒன்று வையுங்கள். செம்புக் குழாயில் ஓடிவந்த தண்ணீரை ஜி.ஐ. குழாய்க்குள் விடாதீர்கள். தண்ணீரில் கரைந்து வரும் செம்பு, துத்தநாகத்தின்மேல் படிந்து புள்ளிபுள்ளியாகக் குழி பறிக்கும். வெந்நீர் 60 டிகிரியைத் தாண்டினால், சில வகைத் தண்ணீரில் இரும்பைக் காக்க வேண்டிய துத்தநாகமே அதை அரிக்கவிடும். புதிய தகட்டின்மேல் சாதாரண எனாமல் பெயின்டை அடிக்காதீர்கள், ஒரே ஆண்டில் தோலாக உரியும். அதற்கென்று உள்ள பிரைமரை அடித்துவிட்டு அடியுங்கள். புளி, எலுமிச்சை, ஊறுகாய் எதையும் ஜி.ஐ. பாத்திரத்தில் வைக்காதீர்கள், துத்தநாகம் கரைந்து சாப்பாட்டில் இறங்கும். மண்ணில் புதைக்கும் கம்பத்தில் தரைமட்டத்துக்கு அரையடி மேலும் கீழும் தார் பூசுங்கள், துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். தகடு வாங்கும்போது கனத்தை மட்டும் கேட்காமல் கிராமையும் கேளுங்கள், பில்லில் எழுதி வாங்குங்கள்.

மாடித்தோட்டம், காட்பாடி

ஐயா இவ்வளவு விவரம் சொன்ன பிறகு என்னுடையது சிறிய விஷயம்தான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசி மழைக்கு முன்பே மாடிக்குக் கூரை போட்டுவிடலாம் என்று இருபது தகடு வாங்கினோம். கொத்தனார் வரவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினேன். பத்திரமாக வைத்ததாகத்தான் நினைப்பு. மூன்று வாரம் கழித்துப் பிரித்தால் தகட்டுக்கு இடையில் எல்லாம் வெள்ளை மாவு, கோலமாவு சிந்தியது போலத் திட்டுத்திட்டாக.

இரண்டு தகட்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று கடை நிறைய ஆட்கள் இருக்கும்போதே சத்தம் போட்டேன். வயதானவர் அவர். பதில் பேசவில்லை. தேங்காய் நாரை எடுத்து வந்து குனிந்து உட்கார்ந்து தேய்த்தார். வெள்ளை போய்விட்டது, அடியில் மங்கிய சாம்பல் நிறம். "அம்மா, நனைந்த தகட்டை மூச்சுவிடாமல் அடுக்கி வைத்தீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

அடுக்குக்குள் ஈரம் புகுந்தால் காற்று போகாது, காற்று போகாவிட்டால் ஐயா சொன்ன அந்தச் சாம்பல் படலம் உருவாகாது, துத்தநாகம் வெள்ளைத் துருவாகப் பூத்துவிடும் என்று பிறகுதான் புரிந்தது. சரிவாகச் சாய்த்து, இடையில் குச்சி கொடுத்து வைத்திருந்தால் வந்திருக்காது. அந்தத் தகடு இன்றும் நன்றாகவே இருக்கிறது. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரண்டு ஆண்டாக நினைக்கிறேன். அந்தக் கடை வழியாகப் போகும்போதெல்லாம் சாலையின் மறுபக்கம் மாறிவிடுகிறேன்.

வெல்டிங் பட்டறை, குடியாத்தம்

சத்துவாச்சாரி ஐயா, நீங்கள் சொல்லும் வரிசை பெரிய வேலைக்குச் சரி. ஒரே ஒரு கேட் செய்யக் கொடுப்பவருக்காக அதை லாரியில் ஏற்றித் தொட்டிக்கு அனுப்ப முடியுமா? வாடகையே கேட்டின் விலையைத் தாண்டிவிடும். எங்களைப் போன்றவர்களால் முடிந்தது, இணைப்பைச் சுத்தமாகத் தேய்த்துத் துத்தநாகப் பெயின்டை இரண்டு கை அடிப்பதுதான். நிறைய பேர் வெள்ளி நிற அலுமினியம் பெயின்டை அடித்து முடித்துவிடுகிறார்கள். நிறம் ஒன்றுபோல இருக்கும், துத்தநாகத்தைப் போலத் தான் கரைந்து இரும்பைக் காக்கும் குணம் அதற்குக் கிடையாது. அடுத்த மழைக்கே இணைப்பில் சிவப்புக் கண்ணீர் வடியும். இதைத் தவறு என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். வெல்டிங்கே தவறு என்றால் எங்கள் பிழைப்பு என்னாவது?

கத்தரித் தோட்டம், இலவம்பாடி

ஐயா எல்லாவற்றையும் சொன்னார், குழாய் முனையில் திருகி மாட்டுவதற்காக வெட்டும் மரையை விட்டுவிட்டார். என் ஆழ்துளைக் கிணறு அதில்தான் போனது.

மோட்டாரைப் பழுது பார்க்க மேலே தூக்கினோம். இருபதடிக் குழாய்கள். ஒன்பது வந்துவிட்டது. பத்தாவது வரும்போது முக்காலியில் சங்கிலி விறைப்பாக இருந்தது, சட்டென்று தொய்ந்தது. சத்தம்கூட இல்லை. நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகுதான் எங்கோ அடியில் 'டங்' என்று கேட்டது.

மேலே வந்த துண்டைப் பார்த்தேன். குழாயின் உடம்பு முழுக்க முலாம் நன்றாக இருக்கிறது. மரை வெட்டிய இடத்தில் மட்டும் காகிதமாக இளைத்து அறுந்திருக்கிறது. முலாம் போட்ட பிறகுதான் மரை வெட்டுகிறார்கள். வெட்டும்போது துத்தநாகமும் போகிறது, இரும்பின் கனமும் பாதி போகிறது. பக்கத்தில் உள்ள முலாம் சிறு கீறலைக் காப்பாற்றும். இரவும் பகலும் தண்ணீரில் நின்று, அத்தனை பாரத்தையும் தாங்கும் மரையை எத்தனை காலம் காப்பாற்றும்? ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் ரென்ச் பல் பட்டு இன்னும் கொஞ்சம் உரிகிறது. இப்போது யாராவது குழாய் தூக்குகிறார்கள் என்றால் போய் நின்று மரையைத் துடைத்துக் காட்டச் சொல்கிறேன். துத்தநாகப் பெயின்ட் தொட்டுத்தான் மாட்ட வேண்டும் என்று சண்டை போடுகிறேன்.

மோட்டார் இன்னும் உள்ளேதான் கிடக்கிறது. அந்த ஆண்டு கத்தரி பூவோடு காய்ந்தது.

மண்டிக்காரர், பேரணாம்பட்டு

சத்துவாச்சாரி ஐயாவுக்கு நன்றி. காட்பாடி அம்மா, அந்தக் கடைக்கு ஒருநாள் போய்வாருங்கள். பெரியவர் இருக்கும்போதே போங்கள்.

தகட்டை நேற்று பிரித்தோம். நல்லதாக மிஞ்சியவை ஏழு. அவற்றை உப்பு இல்லாத பின்பக்கத்துக்கு வைத்துக்கொள்கிறோம். மண்டிக்கு மறுபடியும் ஓடுதான். பின்கட்டைச் சுத்தம் செய்தபோது, பழைய ஓடுகளை அப்பா வைக்கோல் கொடுத்து, ஒன்றுகூட உடையாமல் வரிசையாக அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். நான் பிரித்துப் போட்டவைதான். எண்ணிப் பார்த்தோம், எண்பது குறைகிறது. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் யாராவது பழைய கட்டடம் இடித்தால், மங்களூர் ஓடு இருந்தால், தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். வண்டி வைத்து நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.