புழு தின்னட்டும் என்று வளர்க்கும் செடி

என் தோட்டத்தில் இருக்கும், எருக்கு குடும்பத்தைச் சேர்ந்த மில்க்வீட் செடிகளில் ஓட்டையில்லாத இலையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, ‘மருந்து அடிக்கலையா?’ என்பதுதான். புழு தின்பதற்காகவே வைத்த செடி அது. வரியன் வகைப் பட்டாம்பூச்சிகள் எத்தனையோ பூக்களில் தேன் குடிக்கும், ஆனால் முட்டையிட எருக்கு குடும்பத்துச் செடியைத்தான் தேடிப் போகும். அந்த வகையில் ஒன்றான மோனார்க்கின் புழு மில்க்வீட்டை நம்பியே பிழைக்கிறது. இன்னொன்றான வெந்தய வரியனுக்கு எருக்கும் சரி, மில்க்வீட்டும் சரி.

முட்டையிடுவதைப் பார்க்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பெண் பூச்சி இலையில் உட்கார்ந்து முன்கால்களால் படபடவென்று தட்டிப் பார்க்கும். சரியான செடிதான் என்று தெரிந்ததும் வயிற்றை வளைத்து, இலையின் அடிப்பக்கம் ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டுப் பறந்துவிடும். குண்டூசித் தலை அளவுகூட இருக்காது. வெளிர் மஞ்சள் நிறம், மேலிருந்து கீழாக நுண்ணிய வரிகள். மூன்று நான்கு நாளில் புழு வெளியே வந்து, முதல் வேலையாகத் தன் முட்டை ஓட்டைத் தின்னும்.

எனக்கு இன்றைக்கும் அலுக்காத காட்சி அதற்கு அப்புறம் வருவது. மில்க்வீட் இலையைக் கிள்ளினால் பால் வடியும், கோந்து மாதிரி ஒட்டும். குட்டிப் புழுவின் வாய் அதில் ஒட்டிக்கொண்டால் அதோடு கதை முடிந்தது. அதனால் அது முதலில் இலையில் வளைவாக ஒரு பள்ளம் கடிக்கிறது. பால் அங்கே கசிந்து நின்றுவிட, வளைவுக்கு உட்பட்ட பகுதியைப் பயமில்லாமல் தின்கிறது. வளர்ந்த புழு நடு நரம்பையே அடியில் கடித்துவிடும். இலை துவண்டு தொங்கியதும் நுனியிலிருந்து ஆரம்பிக்கும். நன்றாக இருக்கும் செடியில் ஒரே ஓர் இலை மட்டும் தொங்கினால் அடியில் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் ஆள் அங்கேதான் இருப்பார். வெந்தய வரியன் புழுவென்றால் முதுகில் மூன்று ஜோடிக் கொம்புகள், மோனார்க் என்றால் இரண்டு ஜோடி.

அந்தப் பாலில் உள்ள கார்டினோலைடுகள் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. புழு அதைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது, சிறகு முளைத்த பிறகும் அது கூடவே இருக்கும். ஒருமுறை தின்று வாந்தியெடுத்த பறவை அப்புறம் அந்த நிறத்தைக் கண்டாலே விலகிவிடும். நமக்கும் அந்தப் பால் ஆகாது. கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கிவிடும். கிளை வெட்டும்போது கையுறை போடுங்கள், கழுவாத கையால் கண்ணைத் தொடவே தொடாதீர்கள்.

அசுவினிப் பூச்சி கட்டாயம் வரும். மஞ்சள் உடம்பு, கறுப்புக் கால், தளிர் முழுக்க அப்பியிருக்கும். வேப்பெண்ணெய்கூட அடிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து, அது புழுவையும் விடாது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். அதற்கு முன் முட்டையோ குட்டிப் புழுவோ இருக்கிறதா என்று ஒவ்வொரு தளிராகப் பார்த்துக்கொள்ளுங்கள். நர்சரியில் வாங்கும்போதும் பூச்சிமருந்து போட்ட செடியா என்று கேளுங்கள். சில மருந்துகள் வேர் வழியாக ஏறி இலையிலேயே தங்கிவிடும்.

மில்க்வீட்டில் பல ஆண்டு வாழும் வகைகளில் இடத்துக்குத் தகுந்ததை எடுக்க வேண்டும். ஆரஞ்சு நிறத்தில் பூக்கும் அஸ்கிளிபியாஸ் டியூபரோசாவுக்கு நீர் தேங்காத மண் வேண்டும். ஆணிவேர் ஆழமாக இறங்கும் என்பதால் பின்னால் இடம் மாற்றினால் பிழைப்பது கஷ்டம். இன்கார்னேட்டா ஈர மண்ணில் செழிக்கும். சிரியாக்கா மண்ணுக்கடியில் ஓடிப் பரவும், சின்னத் தோட்டத்துக்கு வேண்டாம். இந்த மூன்றின் விதைக்கும் குளிர் தேவை. ஈர மணலில் கலந்து ஒரு மாதமாவது ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு விதையுங்கள். குளிர்காலத்தில் தரைக்கு மேல் ஒன்றுமே மிஞ்சாது, வசந்தத்திலும் தாமதமாகத்தான் துளிர்க்கும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள்.

சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் குராசாவிகா என்ற மில்க்வீட் வகை சீக்கிரம் வளரும். குளிர் குறைந்த இடங்களில் ஆண்டு முழுக்கப் பச்சையாகவே நிற்பதால், ஓஇ என்று சுருக்கமாகச் சொல்லப்படும், பட்டாம்பூச்சியைத் தாக்கும் ஒட்டுண்ணியின் வித்துகள் பழைய இலைகளில் சேர்ந்துகொண்டே போகும். அவ்வப்போது வேரை விட்டுவிட்டுத் தண்டை அடிப்பக்கமாக வெட்டிவிட்டால் நோயில்லாத புது இலை வரும்.

புழுக்களில் பாதிக்கு மேல் பிழைக்காது. சிலந்தி, குளவி, புழுவின் மேல் முட்டையிடும் ஈ என்று எல்லாம் காத்திருக்கும். அதனால் ஒரே செடியை வைத்துக் காத்திருப்பதைவிட ஏழெட்டுச் செடிகளைச் சேர்த்து வையுங்கள், தீனியும் தட்டாது. கூட்டுப்புழுவாகும் நேரத்தில் புழு செடியை விட்டு நடந்துபோய்விடும். சுவர், தொட்டி விளிம்பு, பக்கத்துச் செடி என்று தேடினால் பொன்னிறப் புள்ளி வைத்த பச்சைக் கூடு கிடைக்கும்.

முடிந்தால் பக்கத்தில் கிலுகிலுப்பையோ தேள்கொடுக்கோ வைத்துப் பாருங்கள். ஆண் வெந்தய வரியன்கள் காய்ந்த தண்டில் கூடி உட்கார்ந்து உறிஞ்சும். பெண்ணைக் கவரும் மணத்துக்கு வேண்டிய சரக்கை அதிலிருந்துதான் எடுக்கின்றன. ஆகவே தேள்கொடுக்கு வாடிவிட்டால் வெட்டிப் போடாமல் அப்படியே நிற்க விடுங்கள்.