கம்ப்யூட்டர் வாட்டர் கூலிங்: பம்ப் முழு வேகத்தில் ஓடியும் ஃப்ளோ 45 லிட்டர்தான், சிபியு 94 டிகிரி. ரேடியேட்டர் இன்னொன்று போடணுமா?

கேட்பவர்: நீர்க்குமிழி

எல்லோருக்கும் வணக்கம். ஒன்றரை வருடமாக நன்றாக ஓடிய லூப் (கம்ப்யூட்டரைக் குளிர்விக்க நீர் சுற்றி வரும் பாதை). டி5 ரக பம்ப், 360 மி.மீ. ரேடியேட்டர் இரண்டு, சிபியு (பிராசசர்), ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) இரண்டின் மேலும் நீர் ஓடும் பிளாக் ஒவ்வொன்று. நீர் போகும் வரிசை: ரேடியேட்டர்கள், ஜிபியு, சிபியு, ரிசர்வாயர் (நீர்த்தொட்டி), மறுபடி ரேடியேட்டர்.

முன்பு முழு லோடில் சிபியு 75-ஐத் தாண்டாது. இப்போது 94. ஜிபியு 57-லிருந்து 69-க்குப் போய்விட்டது. ஃபேன் எல்லாவற்றையும் முழு வேகத்தில் விட்டுப் பார்த்தேன், சத்தம்தான் கூடியது. பம்ப்பை 100 சதவீதத்துக்கு ஏற்றினேன். ஃப்ளோ மீட்டர் மணிக்கு 45 லிட்டர் காட்டுகிறது. முதலில் 180-க்கு மேல் காட்டிய ஞாபகம்.

ரேடியேட்டர் இன்னொன்று சேர்க்கலாமா, அல்லது சிபியுவை ஜிபியுவுக்கு முன்னால் மாற்றினால் போதுமா?

செப்புத்தட்டு:

சிபியுவுக்கும் பிளாக்குக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், முதலில் அதை மாற்றிப் பாருங்கள். அப்புறம் பம்ப்பை ஏன் 100-இல் ஓட்டுகிறீர்கள்? நீர் மெதுவாகப் போனால்தான் ரேடியேட்டரில் நின்று ஆறும்.

பழைய பம்ப்:

பேஸ்ட் காய்ந்தால் சிபியு மட்டும்தான் சுடும். இங்கே ஜிபியுவும் 12 டிகிரி ஏறியிருக்கிறது, ஃப்ளோவும் விழுந்திருக்கிறது. அப்புறம் அந்த "நின்று ஆறும்" கதை. ரேடியேட்டரில் அதிக நேரம் நிற்கிற நீர் பிளாக்கிலும் அதிக நேரம் நின்று சூடேறத்தானே செய்யும்? சுற்றிச் சுற்றி வருவது அதே நீர். மெதுவாக ஓட்டி எதுவும் மிச்சமாகாது.

நீர்க்குமிழி, சிபியு வெப்பத்தை விட்டுவிட்டு நீரின் வெப்பத்தைச் சொல்லுங்கள். ரேடியேட்டருக்குள் போகும்போது எவ்வளவு, வெளியே வரும்போது எவ்வளவு, அறை எவ்வளவு? லோட் கொடுத்து அரை மணி நேரம் கழித்து எடுங்கள், நீர் சூடாவதற்கு நேரம் பிடிக்கும். சிபியு, ஜிபியு எத்தனை வாட் இழுக்கின்றன என்பதும் வேண்டும்.

நீர்க்குமிழி:

நல்லவேளை, இரண்டு பக்கமும் சென்சார் இருக்கிறது. உள்ளே 42, வெளியே 33. அறை 28. ஜிபியு 300 வாட், சிபியு 150 வாட். இன்னொன்று, லோட் கொடுத்த சில நொடிகளிலேயே சிபியு 85-ஐத் தொட்டுவிடுகிறது.

பழைய பம்ப்:

அப்படியென்றால் ரேடியேட்டர் வாங்க வேண்டாம். வெளியே வரும் நீர் அறையை விட 5 டிகிரிதான் கூடுதல். ரேடியேட்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

மீட்டர் பொய் சொல்கிறதா என்றும் பார்த்துவிடலாம், அழுக்கு சேர்ந்தால் அதன் சக்கரமும் சிக்கிக்கொள்ளும். மணிக்கு 45 லிட்டர் என்றால் நொடிக்கு 12.5 கிராம். ஒரு கிராம் நீர் ஒரு டிகிரி ஏற 4.18 ஜூல். ஆக, நீரை ஒரு டிகிரி ஏற்ற 52 வாட். உங்கள் 450 வாட்டை 52-ஆல் வகுத்தால் 8.6 டிகிரி வருகிறது. நீங்கள் அளந்தது 9. மீட்டர் சொல்வது உண்மைதான்.

வரிசையை மாற்றுவது பற்றி: இப்போதைய ஃப்ளோவில் ஜிபியுவைத் தாண்டும்போதே நீர் கிட்டத்தட்ட 6 டிகிரி ஏறிவிடுகிறது, அதனால்தான் வரிசை முக்கியம் போலத் தெரிகிறது. 180 லிட்டர் ஓடினால் அதே இடத்தில் ஒன்றரை டிகிரிகூட ஏறாது. ட்யூப்பைப் பிடுங்கி மாற்றும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

நீர் சூடாகும் முன்பே, சில நொடிகளில் 85 என்பது சிபியு பிளாக்கைத்தான் காட்டுகிறது. அதற்குள் இருக்கும் ஃபின்களின் (மெல்லிய உலோகத் தகடுகள்) இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, அடைத்தால் முதலில் அங்கேதான் அடைக்கும். என்ன கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) ஊற்றியிருக்கிறீர்கள்?

நீர்க்குமிழி:

எட்டு மாதத்துக்கு முன் வெள்ளை கூலன்ட்டுக்கு மாறினேன். பால் மாதிரி இருக்கும், பார்க்க அழகு. இப்போது ரிசர்வாயரின் அடியில் மெல்லிய படிவு தெரிகிறது. ட்யூப் சாஃப்ட் ட்யூப், உள்பக்கம் மங்கியிருக்கிறது.

செப்புத்தட்டு:

ஐயோ, வெள்ளையா! என் பேஸ்ட் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் :)

பழைய பம்ப்:

கிடைத்துவிட்டது. அந்த வெண்மை நீரில் மிதக்கும் நுண்துகள். நாளாக நாளாக அடியில் தங்கும். சாஃப்ட் ட்யூப்பிலிருந்து கசியும் பிளாஸ்டிசைசரும் (ட்யூப்பை வளையவைக்கும் ரசாயனம்) அதோடு சேர்ந்து பசை மாதிரி ஆகிவிடும்.

நீரை முழுக்க வடித்துவிட்டு சிபியு பிளாக்கைத் திறங்கள். திறந்ததும் ஜெட் பிளேட் (ஃபின்கள் மேல் நீரைப் பாய்ச்சும் தகடு) எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு படம் எடுத்துவையுங்கள், திருப்பிப் போட்டுவிட்டு நாள் முழுக்கத் தலையைச் சொறிந்தவன் நான். மென்மையான பல் துலக்கும் பிரஷ், டிஸ்டில்டு வாட்டர், ஒரு சொட்டு பாத்திர சோப்பு போதும். நிக்கல் பூச்சு என்றால் வினிகர் பக்கம் போகாதீர்கள். ஜிபியு பிளாக்கையும் பார்த்துவிடுங்கள். ரேடியேட்டர்களை நீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள், ட்யூப் புதிது போடுங்கள். மூடும்போது ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) பள்ளத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த முறை துகள் இல்லாத கூலன்ட் ஊற்றுங்கள்.

நீர்க்குமிழி:

நேற்று முழுக்க இதே வேலை. பிளாக்கைத் திறந்தால் ஃபின்களின் நடுவில், ஜெட் விழும் கோட்டில் மட்டும், தயிர் ஏடு மாதிரி வெள்ளையாக ஒரு படலம். நகத்தால் கீறினால் சுருண்டு வந்தது. ஓரத்து ஃபின்களில் செம்பு பளிச்சென்று தெரிந்தது, அந்தக் கொஞ்ச இடத்தில்தான் இத்தனை நாள் நீர் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

சுத்தம் செய்து மாட்டியதும் ஃப்ளோ 110-தான் வந்தது, பயந்துவிட்டேன். பம்ப்பை நிறுத்தி நிறுத்திப் போட்டு, கேஸை நாலு பக்கமும் சாய்த்தேன். கடகடவென்று குமிழி கிளம்பியது. இப்போது 190. ரேடியேட்டர் வித்தியாசம் 2 டிகிரி, சிபியு 76, ஜிபியு 57.

ஒரே ஒரு சந்தேகம். பம்ப் எப்போதும் 100-இல்தான் ஓட வேண்டுமா? இரைச்சல் தாங்கவில்லை.

பழைய பம்ப்:

வேண்டாம். 60-க்கு இறக்கிப் பாருங்கள். ஃப்ளோ 120 பக்கம் வரும், வித்தியாசம் 3 டிகிரி சொச்சம் ஆகும், அவ்வளவுதான். பம்ப் தின்னும் கரன்ட்டும் வெப்பமாகி நீருக்குள்தானே போகிறது, அதுவும் கொஞ்சம் குறையும்.

ஃபேனை சிபியு வெப்பத்தோடு கட்டாதீர்கள். பிரவுசரில் ஒரு பக்கம் திறந்தாலே சிபியு வெப்பம் துள்ளும், ஃபேனும் கூடவே ஊளையிடும். நீர் சென்சாரோடு கட்டுங்கள்: 32 வரை மெதுவாக, 42-இல் முழு வேகம். வெயில் கூடும் நாட்களில் இரண்டையும் கொஞ்சம் ஏற்றிவிடுங்கள், இல்லையென்றால் சும்மா இருக்கும்போதும் ஃபேன் கத்திக்கொண்டே இருக்கும்.

நீர்க்குமிழி:

60-இல் சிபியு 78. பம்ப் ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஃபிட்டிங்குகளுக்கு அடியில் டிஷ்யூ பேப்பர் வைத்திருக்கிறேன், இரவு முழுக்க ஓடி இதுவரை நனையவில்லை. மிச்சமிருக்கும் அரை பாட்டில் வெள்ளை கூலன்ட்டை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. செப்புத்தட்டு, வேண்டுமா?