வேலைக்கும் தற்காப்புக்கும் ஒரே மடக்குக்கத்தி: எதைப் பார்த்து வாங்குவது?

இரவுஷிஃப்ட்

வணக்கம். கிடங்கில் வேலை பார்க்கிறேன். அட்டைப்பெட்டி பிரிப்பது, பிளாஸ்டிக் பட்டை அறுப்பது, சரக்கைச் சுற்றியிருக்கும் உறையைக் கிழிப்பது என்று ஷிஃப்ட் முழுக்க எதையாவது வெட்டிக்கொண்டேதான் இருப்பேன். இப்போது கையில் இருப்பது நுனியை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் கட்டர். தடித்த பட்டையில் மாட்டினால் பிளேடு வளைந்து உடைந்து தெறிக்கிறது, கண்ணில் படுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால் உருப்படியான மடக்குக்கத்தி ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. வேலை முடிந்து நள்ளிரவுக்கு மேல் தனியாக நடந்து வருகிறேன், வழியில் பாதி தூரம் விளக்கே கிடையாது. போன மாதம் கூட வேலை செய்பவரை இரண்டு பேர் மறித்து போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவருக்கு அடி ஒன்றும் படவில்லை, ஆனால் அன்றிலிருந்து அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்குப் படபடவென்று வருகிறது. ஆபத்துக்கும் உதவுகிற மாதிரி ஒரே கத்தியாக வாங்கிவிட்டால் நல்லது என்று தோன்றுகிறது.

நான் பார்த்து வைத்திருப்பது 10 செ.மீ. பிளேடு, டான்டோ முனை (கோணமாக வெட்டியது போன்ற முனை), கீழ்ப்பாதி ரம்பப்பல், லேசாகத் தள்ளினால் ஸ்பிரிங்கில் திறப்பது, லைனர் லாக் (கைப்பிடிக்குள் இருக்கும் தகடு பிளேடு மடங்காமல் தாங்கும் பூட்டு). எனக்கு இடது கைப் பழக்கம். இது சரிப்பட்டு வருமா, இல்லை வேறு பார்க்கவா?

சாணைக்கல்

இரண்டு கேள்வியையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள் நண்பரே. தற்காப்பைப் பற்றிப் பயிற்சி கொடுப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் சொல்லட்டும். நான் கத்தியை மட்டும் பேசுகிறேன்.

டான்டோ வேண்டாம். அதன் முனை கடினமான பொருளில் குத்தினாலும் ஒடியாமல் இருக்க வேண்டும் என்று கனமாகச் செய்யப்பட்டது. வெட்டுவாய் ஒரே வளைவாகப் போகாமல் நடுவில் ஒரு மூலையாகத் திரும்பும். அட்டையை நீளமாக இழுத்து வெட்டும்போது அந்த மூலை இடறும், சாணை பிடிக்கும்போதும் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும். உங்கள் வேலைக்கு 7 முதல் 8.5 செ.மீ. பிளேடு தாராளம். ஷீப்ஸ்ஃபுட் என்ற வடிவத்தைத் தேடிப் பாருங்கள். வெட்டுவாய் நேராக இருக்கும், முதுகுதான் வளைந்து இறங்கி முனையைத் தொடும். பெட்டியைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் சரக்கில் முனை இறங்காது, கிடங்கில் இது பெரிய விஷயம். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று வேண்டுமென்றால் டிராப் பாயிண்ட், அதாவது முதுகு மெதுவாகச் சரிந்து முனையில் சேரும் வடிவம். எதுவானாலும் பிளேடு வெட்டுவாயை நோக்கி நன்றாக மெலிந்து வர வேண்டும், ஏனென்றால் தடித்த பிளேடு எவ்வளவு கூராக இருந்தாலும் அட்டைக்குள் ஆப்பு மாதிரி சிக்கிக்கொள்ளும்.

ரம்பப்பல்லும் தேவையில்லை. கயிற்றுக்கு அது அருமைதான், ஆனால் குட்டி பிளேடில் பாதியை அதற்குக் கொடுத்துவிட்டால் நேர்வாய்க்கு மிஞ்சுவது விரல் நீளம்தான். அதோடு பல்லைத் தீட்ட மெல்லிய கம்பி போன்ற கல் தனியாக வேண்டும். நன்றாகத் தீட்டிய நேர்வாய் பிளாஸ்டிக் பட்டையை ஒரே இழுப்பில் அறுத்துவிடும்.

இப்போது பூட்டு. இடது கை என்று சொன்னதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லைனர் லாக், கைப்பிடியின் ஒரு பக்கமே தகடாக வேலை செய்யும் ஃபிரேம் லாக் இரண்டும் பெரும்பாலும் வலது கைக் கட்டைவிரல் தள்ளுவதற்குத் தோதாகச் செய்யப்பட்டவை. இடது கையால் மூடும்போது ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுத் தகட்டை நெம்ப வேண்டியிருக்கும், அந்த விரல் பிளேடு மடங்கி வரும் வழியிலேயே நிற்கும். ஒரு நாளைக்கு எத்தனையோ முறை திறந்து மூடும் ஆளுக்கு இது ஆகாது. கைப்பிடிக்குக் குறுக்கே ஒரு சின்னக் கம்பி ஓடும் பூட்டு இருக்கிறது, பெஞ்ச்மேட் என்ற கத்தி நிறுவனம் 1998-ல் ஆக்ஸிஸ் லாக் என்று கொண்டுவந்தது. இன்று பல நிறுவனங்கள் அதே வகையை வேறு வேறு பெயரில் செய்கின்றன, பொதுவாகக் கிராஸ்பார் லாக் என்பார்கள். கம்பியின் தலை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும், எந்தக் கையாலும் பின்னுக்கு இழுத்து மூடலாம், விரல் பிளேடு வழியில் வராது. கைப்பிடியின் முதுகில் அழுத்தி மூடும் பேக் லாக்கும் இரண்டு கைக்கும் பொது. திறப்பதற்கு ஸ்பைடர்கோ நிறுவனத்தின் கத்திகளில் இருப்பது போல பிளேடில் ஊடுருவிய ஓட்டை இருந்தால் இன்னும் வசதி, கையுறை போட்டிருந்தாலும் விரல் பிடிக்கும். ஸ்பிரிங் உதவியில் திறப்பது பையில் தானாகத் திறந்துகொண்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள், அதைத் தவிர்த்தே விடலாம்.

கால்சட்டைப் பையில் மாட்டும் கிளிப்பையும் பாருங்கள். நிறையக் கத்திகளில் வலது பைக்கு மட்டும்தான் திருகுத் துளை போட்டிருப்பார்கள்.

எஃகைப் பற்றி இணையத்தில் முடிவில்லாமல் சண்டை போடுவார்கள், அதில் தலையை விடாதீர்கள். அட்டை மென்மையாகத் தெரிந்தாலும் வெட்டுவாயைச் சீக்கிரம் மழுக்கும். டி2 என்ற எஃகு அதற்கு நன்றாகத் தாக்குப் பிடிக்கும், ஆனால் அதில் குரோமியம் சுமார் 12 சதவீதம்தான், அதிலும் ஒரு பங்கு கார்பனோடு சேர்ந்துவிடுவதால் வியர்வை பட்டால் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். 14சி28என் என்ற எஃகு துருவை நன்றாகத் தடுக்கும், சாதாரணக் கல்லிலேயே சட்டென்று கூர் ஏறும். முதல் கத்திக்கு என் ஓட்டு அதற்குத்தான். 2021-ல் வந்த மேக்னாகட் கூர் நிற்பதிலும் துருவைத் தடுப்பதிலும் கெட்டிக்கார எஃகு, ஆனால் விலை அதிகம், கிடங்கில் தொலைந்துபோனால் வயிறு எரியும்.

தடுப்பாட்டம்

தற்காப்பு வகுப்பு எடுக்கிறேன், அதனால் இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன்.

வகுப்பில் ஒரு பயிற்சி உண்டு. வெட்டுவாய் மழுக்கிய மடக்குக்கத்தியை மாணவர் பையில் கிளிப் மாட்டி வைத்துக்கொள்வார், எதிரே நிற்பவர் நான்கைந்து காலடி தள்ளி இருந்து பாய்வார். கத்தியை எடுத்துத் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலானவர்களால் முடிவதில்லை. சட்டையின் கீழ் விளிம்பு கிளிப்பில் சிக்கும், கட்டைவிரல் ஓட்டையைத் தவறவிடும், அதற்குள் எதிராளி மேலேயே வந்து விழுந்துவிடுவார். இதில் நான் பார்த்தவரை மோசமானது என்னவென்றால், தலையை மறைக்கவும் தள்ளிவிடவும் வேண்டிய கை அந்த நேரத்தில் பைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. டென்னிஸ் டூலர் என்ற அமெரிக்கக் காவல் அதிகாரி 1983-ல் எழுதியதைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 21 அடி, அதாவது சுமார் 6.4 மீட்டரை ஓர் ஆள் ஏறக்குறைய 1.5 நொடியில் ஓடிக் கடந்துவிடுவார். வழிப்பறி செய்கிறவர்கள் அவ்வளவு தூரத்திலிருந்து ஆரம்பிப்பதே இல்லை, மணி கேட்பது போலப் பக்கத்தில் வந்து நிற்பார்கள்.

சரி, திறந்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். பதற்றத்தில் விரல்கள் நுணுக்கமான வேலைக்கு ஒத்துழைக்காது, கை வியர்த்திருக்கும், மடக்குக்கத்தியில் விரலைத் தடுத்து நிறுத்தும் காப்பு பெரும்பாலும் இருக்காது. முனை கெட்டியான எதிலாவது மோதினால் உங்கள் கையே முன்னால் வழுக்கி வெட்டுவாயின் மேல் போகும்.

பாதையோரம்

அண்ணா, நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால் ஒன்றுமே இல்லாமல் நடப்பதற்கு ஏதாவது ஒன்று கையில் இருப்பது மேல் இல்லையா? கத்தியைக் காட்டினாலே ஓடிவிடுகிறவர்களும் இருக்கிறார்களே.

தடுப்பாட்டம்

ஓடுகிறவர்களும் இருக்கலாம் தம்பி. ஓடாதவர் எதிரே இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதுதான் என் கேள்வி. போனுக்காக வந்தவர் முன்னால் கத்தியை எடுத்த நொடியில் அது உயிருக்கான சண்டையாக மாறிவிடுகிறது. அவரிடமும் கத்தி இருக்கலாம், இரண்டு பேராக வந்திருக்கலாம். நண்பர் சொன்ன சம்பவத்தில் போன் போனது, ஆள் முழுசாக வீடு திரும்பினார். அதுதான் நல்ல முடிவு. போன், பர்ஸ் எதுவானாலும் தள்ளி வீசிவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுங்கள்.

கையில் ஏதாவது வேண்டும் என்றால் முதலில் ஒரு டார்ச். 500 லூமனுக்கு (வெளிச்சத்தின் அளவு) மேல், பின்பக்கம் சுவிட்ச் உள்ளது, அதை வழி முழுக்கக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இருட்டில் முகத்தில் அடித்தால் ஒன்றிரண்டு நொடி கண் கூசும், ஓட அது போதும். அதைவிட, தூரத்தில் நிற்கும் ஆளை முன்கூட்டியே பார்த்து வழியை மாற்றிக்கொள்ளலாம். ஊசியை இழுத்தால் அலறும் சின்ன அலாரம் பையின் வாரில் தொங்கட்டும். உங்கள் நாட்டில் அனுமதி இருந்தால் மிளகு ஸ்பிரே, அது சில மீட்டர் தள்ளியிருந்தே வேலை செய்யும். ஆனால் காற்று உங்கள் பக்கம் அடித்தால் உங்களுக்கேதான் எரியும், காலாவதித் தேதியும் உண்டு. ஷிஃப்ட் முடிந்து அதே பக்கம் போகிறவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடக்க முடியுமா என்று கேளுங்கள். நான் சொன்ன எல்லாவற்றையும் விட அது பெரிய பாதுகாப்பு.

அவசரவார்டு

அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். கத்திக்குத்து வாங்கியவர்களில் பலருக்கு அந்த நேரத்தில் வலியே தெரிவதில்லை, யாரோ கையால் குத்துவிட்டது போல இருந்தது என்றுதான் சொல்வார்கள், ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் புரியும். கத்தி எதிராளியை உடனே நிறுத்திவிடும் என்று நம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அவர் அதற்குப் பிறகும் உங்களை அடித்துக்கொண்டிருப்பார், சில நிமிடம் கழித்துச் செத்தும் போகலாம். கத்தி பிடித்தவரின் விரலில் நரம்பும் தசைநாணும் அறுந்து வருவதும் உண்டு. தைத்து, பல வாரம் பயிற்சி செய்தாலும் சிலருக்கு விரல் பழையபடி மடங்குவதில்லை.

இரவில் தனியாக நடக்கிறவர், நாள் முழுக்கக் கத்தியோடு வேலை செய்கிறவர், ரத்தக்கசிவை நிறுத்த அழுத்திக் கட்டும் பேண்டேஜ் ஒன்றை வைத்துக்கொண்டு அதைப் போடக் கற்றுக்கொள்வதே நல்லது. கிடங்கில் என்றைக்காவது நிச்சயம் உதவும்.

வழக்குமன்றம்

சட்டம் யாரும் பேசவில்லை, அதனால் சுருக்கமாக. இடத்துக்கு இடம் விதி வேறு. பிரிட்டனில் காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம் என்றால் அது வெட்டுவாய் 3 அங்குலத்துக்கு மேல் போகாத, பூட்டு இல்லாத மடக்குக்கத்தி மட்டும்தான். பூட்டு இருந்தால் தகுந்த காரணம் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் 2008-லிருந்தே ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியை நியாயமான தேவை இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. இந்த அளவுக் கத்தியை விமானத்தில் கைப்பையில் வைத்தால் பறிமுதல்தான்.

பல நாட்டுச் சட்டங்கள் கத்தியின் அளவோடு சேர்த்து அதை எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்றும் பார்க்கும். வேலைக்கு என்றால் அது கருவி. யாரையாவது குத்துவதற்கு, அது தற்காப்புக்கே ஆனாலும், என்று நீங்களே வாயால் சொன்னால் அதே கத்தி ஆயுதமாகிவிடும். வேலை முடிந்ததும் லாக்கரில் வைத்துவிட்டுப் போக முடியுமானால் அப்படியே செய்யுங்கள். வாங்குவதற்கு முன் உங்கள் ஊர்ச் சட்டத்தை நீங்களே எடுத்துப் படித்துவிடுங்கள், கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம்.

இரவுஷிஃப்ட்

எல்லோருக்கும் நன்றி. செவிலியர் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். கூட வேலை செய்கிற இரண்டு பேரிடம் இன்றைக்கே பேசிவிட்டேன், சேர்ந்து போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். டார்ச்சும் வாங்குகிறேன். கத்தி வேலைக்கு மட்டும்தான், ராத்திரி லாக்கரில் இருக்கும். ஷீப்ஸ்ஃபுட் பிளேடு, கிராஸ்பார் லாக், 14சி28என் என்று ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், கிளிப்பை இடது பக்கம் மாற்றிக்கொள்ளலாம்.

சாணைக்கல் அண்ணா, வந்ததும் எதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும்? தீட்டுவதும் எனக்குப் பழக்கமில்லை.

சாணைக்கல்

நல்ல தேர்வு. கையில் வந்ததும் திறந்து பிளேடை மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள், கடகடவென்று ஆடக் கூடாது. பக்கவாட்டில் லேசாக ஆடினால் அச்சுத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக முறுக்குங்கள், மேலும் கீழும் ஆடினால் பூட்டிலேயே கோளாறு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் விரலெல்லாம் பிளேடு வழியில் இல்லாமல் பிடித்துக்கொண்டு பிளேடின் முதுகை மேசை விளிம்பில் மெதுவாக அழுத்துங்கள். பூட்டு நழுவினால் அந்தக் கத்தி வேண்டவே வேண்டாம். சிலர் ஓங்கி அடித்துச் சோதிப்பார்கள், அதில் நல்ல பூட்டும் கெடும்.

பையில் இருக்கும் பஞ்சுத் தூசியும் அட்டைத் தூளும் பூட்டுக்குள் போய் அடைந்துகொள்ளும். வாரம் ஒருமுறை பல் குத்தும் குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு அச்சில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அதிகம் விட்டால் தூசி இன்னும் ஒட்டும்.

தீட்டுவதற்கு ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 கிரிட் (எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும்) உள்ள ஒரு கல் போதும், அன்றாடத்துக்கு 1000 பக்கம் மட்டுமே போதும். கோணம் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி. அதைக் கண்ணால் கணிக்க வராது, எனவே வெட்டுவாய் நெடுகிலும் மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசிவிட்டு ஒரு தடவை கல்லில் இழுத்துப் பாருங்கள். மை மேல்விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் முதுகை அதிகமாகச் சாய்த்துவிட்டீர்கள், கொஞ்சம் தூக்குங்கள். வெட்டும் கூர்விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் அதிகமாகத் தூக்கிவிட்டீர்கள். முழுசாக அழியும் கோணம் கைக்குப் பழகியதும் ஒரு பக்கத்தையே தீட்டிக்கொண்டிருங்கள். எதிர்ப்பக்கத்தில் முதுகிலிருந்து வாயை நோக்கி விரலால் தடவினால் மெல்லிய பிசிர் தட்டுப்பட வேண்டும், அடியிலிருந்து முனை வரை. அது வந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். கடைசியில் அழுத்தமே இல்லாமல் மாறி மாறி நாலைந்து இழுப்பு, பிசிர் போய்விடும். புதுக்கத்தியில் ஆரம்பிக்காமல் வீட்டில் இருக்கும் பழைய காய்கறிக் கத்தி எதிலாவது முதலில் பழகிக்கொள்ளுங்கள்.