பாலக்கோடு பக்கம் வீட்டுக்கு வந்து கட்டு மாற்றும் நர்ஸ் யாராவது இருக்கிறார்களா?

குழு உறவுகளுக்கு வணக்கம். அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். சர்க்கரை இருப்பதால் தையல் ஆறச் சுணங்குகிறது.

வார்டில் ஒரே கிளவுஸோடு ஒருவருக்குக் கட்டுப் பிரித்துவிட்டு அப்படியே அடுத்த கட்டிலுக்குப் போனதைப் பார்த்தேன். அத்தனை கூட்டத்தில் அந்த நர்ஸம்மாவை நோக மனசு வரவில்லை. ஆனால் கிருமி பரவுவது இப்படித்தானே! 1847-லேயே வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தே பிரசவ வார்டுச் சாவுகளைக் குறைத்துக் காட்டினார். கிளவுஸை ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும், கழற்றியதும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். சோப்பு என்றால் 40 முதல் 60 விநாடி, ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் சானிடைசர்) என்றால் 20 முதல் 30 விநாடி.

ஆபரேஷன் புண்ணில் தொற்று 30 நாள் வரைகூட வரலாம். நேற்று கட்டின் கீழ் ஓரம் ஈரமாக இருந்தது. சீழ், வாடை, காய்ச்சல் எதுவும் இல்லை. நாளைக் காலையிலேயே டாக்டரிடம் காட்டுகிறோம். பக்கத்து வீட்டுப் பாட்டி மஞ்சள் பத்துப் போடச் சொல்கிறார், நான் விடவில்லை.

முறையாகக் கட்டு மாற்றத் தெரிந்த நர்ஸ் யாராவது இருந்தால் சொல்லுங்கள். 2021-ல் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இதற்கு வருவார்களா? யாரைக் கேட்பது? குழுவில் நர்ஸ் அக்காக்கள் இருந்தால், கூட இருப்பவர்கள் கவனிக்க வேண்டியதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். வார்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறேன்.